எட்டு மாதம் தீராத முப்பது மாத்திரை

மருந்துக் கடைக்காரம்மா சொன்ன வழக்கைக் கேட்டதும், ஒட்டடை என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த இளைஞனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விஷயம் இதுதான். அந்தம்மா பன்னிரண்டு வருஷமாகத் தனியாளாக மருந்துக் கடை நடத்துகிறார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். அதே மருந்து, அதே அளவு, பெரிய கம்பெனியின் பேர் மட்டும் இருக்காது, விலை மூன்றில் ஒரு பங்கு, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அந்தப் பெரிய கம்பெனி பாட்டிலையே குடுங்க" என்று கை நீட்டுவார்கள். அப்படிப்பட்டவர் மேல்தான் இப்போது புகார் கிளம்பியிருக்கிறது. பெரிய கம்பெனியின் பிரஷர் மாத்திரைப் பாட்டிலுக்குள் மலிவு மாத்திரையைப் போட்டு, பெரிய விலைக்கு விற்றுவிட்டாராம்.

"சொன்னா கேக்காதவங்களுக்கு ஊட்டியே விட்டுட்டீங்களா?" என்றான் ஒட்டடை, ஜன்னலைப் பார்த்தபடியே.

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

மேடம் இருபது வருஷம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். வீடு எரிந்துவிட்டது என்று யாராவது பணம் கேட்டு வந்தால், அந்த வீட்டில் எது எரியவில்லை என்று போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. அந்தப் பழக்கத்தோடு தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து, கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு மேசையும் இரண்டு அலமாரியும் போட்டிருந்தார். ஒட்டடை அவருடைய உதவியாளன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து வந்த பேர் அது. இங்கே வருவதற்கு முன் மூன்று வருஷம் ஒரு மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடந்தவன். உங்கள் மாத்திரைக்கும் மலிவானதற்கும் என்னய்யா வித்தியாசம் என்று ஒரு டாக்டர் கேட்க, "பெட்டியோட நிறம் டாக்டர்" என்று வாய் தவறி உண்மையைச் சொன்னான். அன்றோடு அந்த வேலை போனது.

கடைக்காரம்மா பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒன்று புகாரின் நகல். எழுதியவர் பேரை மருந்து ஆய்வாளர் கறுப்பு மையால் அடித்திருந்தார். இன்னொன்று பாட்டிலின் படம். பழுப்பு நிறப் பாட்டில், மேலே அந்தக் கடையின் பேர் போட்ட ஒட்டுத்தாள். வாங்கினவர் பேர் இருக்க வேண்டிய இடம் கைபட்டுத் தேய்ந்து போயிருந்தது. உள்ளே இருந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து சரி, அளவு சரி, ஆனால் அந்தக் கம்பெனியின் தயாரிப்பு இல்லை.

ஆய்வாளர் மாலை ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உரிமத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"கடை போனாக்கூட வேற பொழப்பு பாத்துக்குவேன் மேடம்," என்றார் கடைக்காரம்மா. "ஆனா மலிவு மாத்திரையும் நல்ல மாத்திரைதான்னு நான் இத்தனை வருஷமா சொன்னதை இனிமே யார் நம்புவாங்க? ஏமாத்தறதுக்குத்தான் சொன்னேன்னு ஆயிடும்."

மேடம் புகாரை இரண்டு முறை படித்தார். மூன்றே வரி. 'இந்தக் கடையில் வாங்கிய பாட்டிலில் இருப்பது அசல் மாத்திரை அல்ல. அசல் நீள்வட்டமாக இருக்கும். எனக்குக் கொடுத்தது வட்டமாக இருக்கிறது.'

அசல் எப்போதுமே நீள்வட்டமா என்று மேடம் கேட்டார். இல்லை என்றார் கடைக்காரம்மா. இரண்டு மாதத்துக்கு முன்புதான் கம்பெனி வடிவத்தை மாற்றியது. அதுவரைக்கும் வெள்ளை நிறம், வட்ட வடிவம், நடுவில் ஒரு கோடு. மலிவு மாத்திரையும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

மேடம் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். மூன்று பேரும் கடைக்கு நடந்தார்கள்.

குறுகலான கடை. வாசலில் எடை பார்க்கும் மெஷின், உள்ளே கூரை வரைக்கும் இழுப்பறைகள். பெரிய கம்பெனி அலமாரிக்கு மட்டும் ஆய்வாளர் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தாண்டும்போதெல்லாம் கடைக்காரம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாட்டில் படத்தில் மருந்தின் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், மட்டும் தெளிவாக இருந்தது. கணினியில் அதைத் தட்டினார்கள். அந்தத் தொகுதியில் கடைக்கு வந்தது பன்னிரண்டே பாட்டில். அத்தனையும் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே விற்றுத் தீர்ந்துவிட்டன.

"பாட்டில்ல முப்பது மாத்திரை. தினம் ஒண்ணு," என்றார் மேடம்.

"எட்டு மாசமா தீரலைன்னா, ஒண்ணு அந்த ஆள் மாத்திரையை நக்கிட்டுத் திரும்ப உள்ள போட்டிருக்கணும்," என்றான் ஒட்டடை. "இல்லைன்னா அது அட்சய பாத்திரம்."

"இல்லைன்னா பாட்டில் பழசு, மாத்திரை புதுசு. யாரோ ரொப்பிக்கிட்டே இருக்காங்க."

கடைக்காரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே சரியாக வந்தது. தவறு கடையில் நடக்கவில்லை, வாங்கினவர் வீட்டில் நடந்திருக்கிறது. ஆனால் யார் வீட்டில்? பன்னிரண்டு வீட்டுக் கதவையும் ஐந்து மணிக்குள் தட்ட முடியாது.

ஒட்டடை படத்தைத் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தான். மூடியைச் சுற்றியிருந்த வரிப்பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மாத்திரைத் தூள் என்றான். மாத்திரைத் தூளாக இருந்தால் மூடிக்கு உள்ளேதான் படியும், வெளியே எப்படி வரும் என்று மேடம் கேட்டார். வெளியே படிய வேண்டுமென்றால் திறக்கிற கையில் தூள் இருக்க வேண்டும். அதுவும் தினம் தினம்.

"சுண்ணாம்பு அடிக்கறவர்," என்றான் ஒட்டடை. "இல்லைன்னா கேரம் ஆட்டக்காரர்."

"இல்லைன்னா மாவு," என்றார் மேடம். "அந்தப் பன்னிரண்டு பேரையும் படிங்க."

கடைக்காரம்மா படித்துக்கொண்டே வந்தார். தையல்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, வங்கிக்காரர் இருவர். ஏழாவது பேரில் நின்றுவிட்டார். கேக்கம்மா. இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவர். மாவு ஒரு கம்பெனி, வெண்ணெய் ஒரு கம்பெனி என்று பிடித்த பிடியை விடாத மனுஷி. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் பிரஷர், இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. புருஷன் மலிவு டப்பா வாங்குவார், பெண்டாட்டிக்குப் பாட்டில்தான் வேண்டும்.

அந்தப் பேரை மட்டும் தனியாகத் தட்டிப் பார்த்தார்கள். எட்டு மாதமாகக் கேக்கம்மா பேரில் ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. அதே எட்டு மாதமாக, மாதம் ஒரு மலிவு டப்பா வாங்கிக்கொண்டிருந்த புருஷன் இரண்டு டப்பா வாங்கியிருக்கிறார்.

"ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு வேலைப் பைக்குன்னு சொன்னார். நானும் நம்பிட்டேன்," என்று கடைக்காரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"வழக்கு முடிஞ்சுது, சாப்பிடப் போகலாம்," என்றான் ஒட்டடை.

"பாதிதான் முடிஞ்சுது," என்றார் மேடம். மீதிப் பாதி என்னவென்று அவன் கேட்டதற்கு, கடைக்காரம்மாவைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்துகொண்டே, புகாரை இன்னொரு தடவை படி என்று மட்டும் சொன்னார். அவன் படித்தான். அதில் எழுத்துப் பிழைகூட இல்லை.

கேக்கம்மாவின் வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. வீட்டில் பாதி சமையலறைதான். நீள மேசையில் மூன்று கேக்குகள் ஆறிக்கொண்டிருந்தன. மேசையின் ஒரு மூலையில் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை.

பேச்சை ஆரம்பிக்க ஒட்டடை ஒரு கேக் வேண்டுமென்றான். மேலே என்ன எழுதணும் தம்பி என்று கேக்கம்மா கேட்டார். அவன் முன்கூட்டி யோசிக்கவில்லை. 'குற்றவாளி கிடைத்தார்' என்று எழுதச் சொன்னான். அந்தம்மா அதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். இதற்கு மேல் அவனை விட்டால் சரிப்படாது என்று மேடம் தான் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்பதை நேராகச் சொல்லி, பாட்டிலின் படத்தை மேசை மேல் வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை தட்டோடு நின்றது.

புகார் எழுதியது தான்தான் என்று கேக்கம்மா தயக்கமில்லாமல் ஒப்புக்கொண்டார். உயிர் சமாச்சாரத்தில் விளையாடுகிறவர்களைச் சும்மா விடக் கூடாது என்றார். எட்டு மாதமாக அந்தக் கடையிலிருந்து உங்கள் பேரில் பாட்டிலே போகவில்லை என்று மேடம் சொன்னார். அப்படியானால் மாதாமாதம் இவர் வாங்கிக்கொண்டு வந்தது என்ன என்று கேக்கம்மா புருஷன் பக்கம் திரும்பினார்.

லிஃப்ட்காரர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். அதற்கே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

"கடைக்காரம்மா மேல தப்பில்ல," என்றார். "நான்தான் ரொப்பினேன்."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். முதலில் இவளுக்கும் மலிவு டப்பாதான் வாங்கினார். மூன்றே நாள் சாப்பிட்டாள். தலை சுற்றுகிறது, காதில் ரீங்காரம் கேட்கிறது, தூக்கமே வரவில்லை என்றாள். பெரிய கம்பெனி பாட்டில் வந்த மறுநாள் காலையே எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். அவருக்கே அது தெரியும். லிஃப்ட்டுக்குக் கம்பெனிப் பெட்டியில் வருகிற உதிரிபாகமும், பெட்டியில்லாமல் வருவதும் ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்தவை. முப்பது வருஷமாக இரண்டையும் மாட்டியிருக்கிறார். எந்த லிஃப்டும் இது மலிவு என்று பாதி வழியில் நின்றதில்லை.

"ஆனா லிஃப்டுக்குப் பேர் படிக்கத் தெரியாது," என்றார். "இவளுக்குத் தெரியுமே."

அந்தப் பாட்டில் மூடியை அழுத்தித் திருப்ப வேண்டும். மாவு பிசைந்து பிசைந்து இவள் மணிக்கட்டு வலிக்கும். அதனால் புதுப் பாட்டிலை முதல் தடவை திறந்து கொடுப்பது எப்போதும் அவர் வேலை, காலிப் பாட்டிலை எடுத்துப் போவதும் அவர்தான். அது வசதியாகப் போயிற்று. அதே பாட்டில், அதே கை, உள்ளே மட்டும் வேறு. பிரஷர் அழகாக இறங்கியது. டாக்டரே பாராட்டினார். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும், பார், நல்ல கம்பெனி மாத்திரை என்றால் இதுதான் என்று இவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதைக் கேட்கும்போது மட்டும் அவருக்குக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

கேக்கம்மா சத்தம் போடவில்லை. ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் மடித்துப் போட்டார். அதுதான் பயமாக இருந்தது ஒட்டடைக்கு.

"எட்டு மாசமா என்னை மலிவுல ஓட்டியிருக்கீங்க," என்றார்.

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒட்டடை கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே கால். இந்தக் கோபம் ஆறி, அந்தம்மா புகாரைத் திரும்பப் பெற்று எழுதிக் கொடுப்பதற்குள் ஐந்து என்ன, ஐந்து நாளே ஆகிவிடும் போலிருந்தது.

மேடம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்மா. பழைய கம்பெனி மாத்திரை வட்டம். மலிவு மாத்திரையும் வட்டம். எட்டு மாசமா உங்க கண்ணுல பட்டது வட்டம் மட்டும்தான். நீள்வட்டம் கடைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு. அசல் நீள்வட்டமா இருக்கும்னு எழுதியிருக்கீங்களே, அதை நீங்க எங்கே பாத்தீங்க?"

அந்த நேரம் பார்த்து அடுப்பின் மணி அடித்தது. கேக்கம்மா போய் அதை நிறுத்தினார். அப்புறம் குனிந்து பெரிய மாவு டின்னை நகர்த்தி, பின்னால் கையை விட்டு இரண்டு பொருள்களை எடுத்தார். ஒன்று புதிய பழுப்புப் பாட்டில். கழுத்துவரை நீள்வட்ட மாத்திரை. இன்னொன்று பிஸ்கட் டப்பா. மேசையில் வைத்தபோது அது கலகலவென்றது. ஒட்டடை மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக வட்ட மாத்திரைகள், முந்நூறுக்குக் குறையாது.

லிஃப்ட்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது என்னோடதாச்சே," என்றார்.

ஆமாம், அவருடையதுதான். போன வருஷம் ஒரு கட்டடத்தில், லிஃப்ட்டின் கூரை மேல் நின்று வேலை செய்தபோது இவருக்கு நெஞ்சு வலித்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே இறக்கிக்கொண்டு வர இருபது நிமிஷம் ஆயிற்று. சேதி கேட்டு ஓடிப்போன கேக்கம்மா, அவரை இறக்கும்வரை அந்தக் கட்டடத்து வாசலில் நின்றார். அதற்கப்புறமும் இந்த மனுஷன், எனக்கு மலிவானது போதும் என்றுதான் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார். செருப்பும் அப்படித்தான், மூக்குக் கண்ணாடியும் அப்படித்தான்.

"நெஞ்சுக்குமா மலிவு?" என்றார் கேக்கம்மா. "சொன்னா கேக்க மாட்டார். அதான் கேக் காசுல, மாவு வாங்கற கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில பாட்டில் வாங்கி, இவர் டப்பாவுல இருந்ததைக் கொட்டிட்டு அதை ரொப்பி வெச்சேன். பத்து மாசமா."

போன வாரம் புதுப் பாட்டிலைத் திறந்தால் மாத்திரை நீள்வட்டமாக இருந்திருக்கிறது. சந்தேகப்பட்டுத் தன் பாட்டிலைப் பார்த்தால் வட்டம். கையில் இருப்பது போலி என்று முடிவு கட்டிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாராவது கேட்டால் இந்தப் பாட்டிலின் கதை வெளியே வந்துவிடும். அதனால் கடைக்குப் போய் நேரில் கேட்காமல், பாட்டிலையும் சேர்த்து மருந்துத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

ஒட்டடை விரல்விட்டு எண்ணினான்.

"அப்ப, மலிவே போதும்னவர் ஒசத்தியைச் சாப்பிட்டிருக்கார். ஒசத்திதான் வேணும்னவங்க மலிவைச் சாப்பிட்டிருக்காங்க. பிரஷர் எப்படி இருக்கு ரெண்டு பேருக்கும்?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைச் சொன்னார்கள். நல்ல எண்தான்.

லிஃப்ட்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வேலை செய்கிற கட்டடத்தில் எல்லாம், என்னைப் பார், மலிவு மாத்திரையில் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று பத்து மாதமாக மார்தட்டிக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிக்காதீங்க என்று கேக்கம்மா முறைத்தார். முறைத்தபடியே அவரும் சிரித்துவிட்டார். பிறகு முன்றானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதமும் பேனாவும் எங்கே என்று கேட்டார்.

ஐந்து மணிக்குக் கடைக்கு வந்த ஆய்வாளர் கேக்கம்மாவின் கடிதத்தை மூன்று தடவை படித்தார். கணினியில் இருந்த கணக்கையும் பார்த்தார். யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ரெண்டு மோசடி நடந்தது சார், ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கிச்சு என்றான் ஒட்டடை. ஆய்வாளர் அரக்கு முத்திரையைத் தானே உடைத்தார். கடைக்காரம்மா தம்பதியை அழைத்து நன்றாகத் திட்டினார். ஒரு மருந்து டப்பாவில் இன்னொன்றைக் கொட்டுவது நெருப்போடு விளையாடுவது மாதிரி, அளவு மட்டும் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்று வாங்கிக்கொண்டார்கள். பிஸ்கட் டப்பாவை, உள்ளே இருப்பதை அழித்துவிடச் சொல்லி அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் கடைக்காரம்மா போன் செய்தார். மேடம் ஒட்டடைக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை மேல் வைத்தார்.

காலையில் கடை திறந்ததும் தம்பதி ஜோடியாக வந்தார்களாம். கேக்கம்மாதான் முன்னால். எட்டு மாதம் உயிரோடுதானே இருந்தேன், எங்கள் இரண்டு பேருக்குமே மலிவு டப்பா கொடு என்றாராம். கடைக்காரம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டதாம். பத்து நிமிஷம் ஆகவில்லை, லிஃப்ட்காரர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தாராம்.

"அவளுக்கு மட்டும் அந்தப் பாட்டிலே குடும்மான்னார் மேடம். ரெண்டும் ஒண்ணுதானேண்ணேன்னு கேட்டேன். எனக்குத் தெரியாதாம்மா, ஆனா இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமக் குடுத்துட்டேன், தெரிஞ்சு குடுக்கக் கை வரலைன்னார்."

"அந்தம்மா எப்ப வந்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பதினோரு மணிக்கு வந்தாங்க. எனக்கு மலிவே போதும், அவருக்கு மட்டும் பாட்டில்னாங்க."

போனை வைத்த பிறகு ஒட்டடை வழக்குக் கோப்பை எடுத்தான். முதல் பக்கத்தில் 'வகை' என்று ஒரு கட்டம் இருக்கும். திருட்டு, மோசடி, ஆள் காணவில்லை என்று அதில் ஏதாவது ஒன்றை எழுதினால்தான் கோப்பு அலமாரிக்குள் போகும். மோசடி என்று எழுதவா என்று கேட்டான். மேடம் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதி மூடினார்.